பூனையைத் தேடிய சிறுமியும் எழுத்தறியாத என் தாயும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்

ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய நாளிலிருந்து எங்கள் வகுப்பில் தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் விண்வெளி என்றார். ஒருவர் மது ஒழிப்பு என்றார். பெண்கல்வி பற்றி மட்டும் மூன்று கட்டுரைகள் தயாராகிவிட்டன. நான் ஒரு படப் புத்தகத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். "என்ன படம்?" என்று கேட்டார்கள். ஒரு சிறுமியும் ஒரு பூனையும் என்றேன். சிரித்துவிட்டார்கள். மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களும் சிரிக்கக் கூடும். பட்டப்படிப்புப் படிக்கும் பெண்ணுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகம் எதற்கு? சிரித்து முடித்தபின் அருள்கூர்ந்து தொடர்ந்து படியுங்கள். சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

பூனை என்றவுடன் நமக்கு நினைவு வருவது எது? திருட்டு. பாலைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் கள்ளத்தனம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் அழைக்கும் பெரும்பாறையில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி தெய்வங்களோடும் யானைகளோடும் ஒரு பூனையையும் செதுக்கி வைத்தான். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அது தவம் செய்கிறது. காலடியில் எலிகள். உருத்திராட்சப் பூனை என்னும் வசைச்சொல்லுக்கு அதைவிடச் சிறந்த படம் வேண்டுமா? கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் போன பூனையைத் தமக்கு உவமை ஆக்கினார். அங்கும் பேராசைதான். குறுக்கே போனால் சகுனத்தடை என்கிறோம். கழுத்தில் மணி கட்ட ஆள் தேடுகிறோம். பாரதியார் மட்டும் 'முரசு' பாட்டில் பல நிறக் குட்டிகளை ஈன்ற ஒரு தாய்ப் பூனையைக் காட்டி, மனிதருக்குள் நிறவேற்றுமை ஏது என்று இடித்துக் கேட்டார். ஆனால் அவர்கூடப் பூனையை ஓர் உவமைக்காகத்தான் அழைத்தார். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பெருங்கவிஞரைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். பூனையைப் பூனைக்காகவே தேடிப் போகும் ஒரு குழந்தையை நான் படித்த பாடங்களில் சந்தித்ததில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சந்தித்தது நாட்டு நலப்பணித் திட்ட முகாமில். நம் ஊருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் ஏழு நாள் தங்கினோம். காலையில் முள் வெட்டினோம். கண்மாய்க் கரையில் மரக்கன்று நட்டோம். மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். விரிவுரையாளர் ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறையப் படப் புத்தகங்கள் கொண்டு வந்திருந்தார். பெரிய பெரிய படங்கள், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. வேலை எளிது என்று மகிழ்ந்தேன். அரை மணியில் நான்கு புத்தகம் முடித்துவிடலாம் அல்லவா?

அவற்றுள் ஒன்றுதான் அது. சென்னையில் 1996ஆம் ஆண்டு முதல் பல இந்திய மொழிகளில் குழந்தை நூல்களை வெளியிட்டு வரும் தூலிகா பதிப்பகம் 2013இல் கொண்டு வந்த புத்தகம். தாரிணி விஸ்வநாத் எழுதியது, நான்சி ராஜ் படம் வரைந்தது. ஆங்கிலத்தில் 'கேட்ச் தட் கேட்' என்று பெயர். அந்தப் பூனையைப் பிடி என்று பொருள். டிப் டிப் என்று ஒரு குறும்புக்காரச் சிறுமி. அவளுடைய தோழி மீமோ. மீமோ வளர்க்கும் பூனைக்குக் காபி என்று பெயர். ஒருநாள் காபியைக் காணவில்லை. மீமோ கலங்கி நிற்கிறாள். டிப் டிப் தேடப் புறப்படுகிறாள். தேடினால் பூனை மரத்தின் மேல்! டிப் டிப்பும் ஏறுகிறாள். ஏறிய பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கே சொல்லிவிட்டால் நீங்கள் அந்தப் புத்தகத்தைத் தேட மாட்டீர்கள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

முகாமில் அதை உரக்கப் படித்தேன். புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எழுத்தை மட்டும் மேலிருந்து எட்டிப் பார்த்துப் படித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, தன் வீட்டுப் பூனை ஓட்டு மேல் ஏறும், மரத்தில் ஏறாது என்று தகவல் தந்தாள். அத்துடன் அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டேன்.

முகாம் முடிந்ததும் அந்த விரிவுரையாளரிடம் கேட்டு, அந்த ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் அக்காள் மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள்; அவளுக்குக் காட்டத்தான். இரவு எட்டு மணி. அம்மா சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள். அதுவும் என் பள்ளிச் சான்றிதழ்களில் போடுவதற்காக நான் ஆறாம் வகுப்பில் கற்றுக்கொடுத்தது. ஆயிரம் பீடிக்குக் கணக்கு மட்டும் விரலாலேயே வைப்பாள், ஒன்று தவறாது. நாங்கள் படிக்கும்போது அவள் எட்டிப் பார்ப்பது வழக்கமில்லை. அன்று பார்த்தாள். படம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

"ஏளா, இந்தப் புள்ள நடக்க மாட்டாளோ?" என்றாள்.

எந்தப் பிள்ளை என்று கேட்டேன்.

"பூனைய தேடிட்டுப் போறாள்லா, அவதான். உருட்டு வண்டியிலல்லா இருக்கா."

அப்படி எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். நண்பர்களே, நான் கேட்ட கேள்வி அதுதான். எங்கே *போட்டிருக்கிறது*?

"போட்டிருக்கா? படத்தப் பாருளா!"

பார்த்தேன். டிப் டிப் சக்கர நாற்காலியில் இருந்தாள். மறைத்து வைக்கப்படவில்லை, கண்ணெதிரே இருந்தாள். முகாமில் முப்பது பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிய நான் அதைக் காணவில்லை. மறுபடியும் எழுத்தை முதலிலிருந்து படித்தேன். சக்கர நாற்காலி என்ற சொல் இல்லை. ஊனம், இயலாமை, பாவம் என்பன போன்ற சொற்களும் இல்லை. எழுதியவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. அதைச் சொல்லும் பொறுப்பைப் படத்திடம் விட்டுவிட்டார். முகாமிலிருந்த பிள்ளைகள் நிச்சயம் கண்டிருப்பார்கள். அவர்களுக்கு அது எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை போலும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெருவில் பத்திரம், மனு, மருந்துச் சீட்டு எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். வாசிக்கத் தெரிந்தவள் என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஏறியிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. எழுத்தறியாத என் தாய் படித்ததை நான் படிக்கத் தவறினேன்.

கதை அதோடு முடியவில்லை. அம்மா சொளகைக் கீழே வைத்தாள். "எந்தங்கச்சியும் இப்படித்தான் ஒரு பூன வச்சிருந்தா" என்றாள்.

எனக்கு ஒரு சித்தி இருந்தாள் என்று தெரியும். சுவரில் படம் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டாள் என்பதற்குமேல் எதுவும் தெரியாது. அன்று இரவு அம்மா சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

சித்திக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, கால்களையும் கொண்டு போயிற்று. ஆச்சி பார்க்காத வைத்தியம் இல்லை. கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கிப் பூசினாள். ஆடித்தபசுக் காலத்தில் மக்கள் கோயிலைச் சுற்றும் ஆடிச்சுற்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடக்க மாட்டாத பெண்ணை இடுப்பில் சுமந்துகொண்டு ஆச்சி அந்தச் சுற்றைச் சுற்றினாளாம், மூன்று ஆண்டுகள். நான் விலங்கியல் மாணவி. அது இளம்பிள்ளை வாதம் என்று எனக்குத் தெரியும். ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி 1955லேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆல்பர்ட் சாபினின் சொட்டு மருந்து அதற்குச் சில ஆண்டுகளில் வந்தது. சித்தி பிறந்தது 1980களில். மருந்து உலகத்தில் இருந்தது. அவள் வாய்க்கு வந்து சேரவில்லை. நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கம் 1995இல் தொடங்கிற்று. இந்தியாவின் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறு குழந்தை. 2014இல் நம் நாடு அந்நோய் நீங்கிய நாடு என்று சான்று பெற்றது. ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் தனக்குத் தெரிந்த வாசலைத் தட்டினாள். வேறொரு வாசல் உண்டு என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

சித்தி பள்ளிக்குப் போகவில்லை. தூக்கிக்கொண்டு போய் விடலாம். அங்கே யார் பார்த்துக்கொள்வது? திண்ணையில் உட்கார்ந்து எட்டு வயதிலேயே பீடி சுற்றப் பழகிவிட்டாள். அப்போதுதான் அந்தப் பூனை வந்தது. பக்கத்து வீட்டுப் பரணில் பிறந்த குட்டி. புள்ளி என்று பெயர் வைத்தாள். சொளகுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும். புகையிலைத்தூள் மூக்கில் ஏறித் தும்மும், ஆனால் எழுந்து போகாது. பீடிக்குக் கட்டும் நூல்கண்டு உருண்டால் போதும், புள்ளி பாயும். சித்தி கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போவாளாம்.

"அவ அம்புட்டு தூரம் போனதே அந்தப் பூனைக்குப் பின்னாலதான்" என்றாள் அம்மா.

ஒருநாள் திண்ணையில் சித்தியைக் காணவில்லை. ஆச்சியும் அம்மாவும் தெருவெல்லாம் தேடினார்கள். தெருக்கோடிக் கிணற்றடியில் இருந்தாள். கைகளில் சிராய்ப்பு, பாவாடையெல்லாம் சேறு, மடியில் பூனை. அவ்வளவு தொலைவு தனியாக வந்திருக்கிறாள்! ஆச்சி முதலில் முதுகில் நான்கு வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். "அவ அழல. சிரிச்சிட்டே இருந்தா" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள்.

இருபது வயதைத் தாண்டுவதற்குள் சித்தி வேறொரு காய்ச்சலில் போய்விட்டாள். புள்ளி மூன்று நாள் சொளகைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். பிறகு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பூனைதானே!

இதையெல்லாம் ஏன் இவ்வளவு காலமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கல்லியே" என்றாள். உண்மைதான். நான் கேட்கவில்லை, அந்தப் படம் கேட்டது.

இடையில் ஒரு சிறிய வெற்றி எனக்கும் கிடைத்தது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. புள்ளி எப்படி இருக்கும் என்று கேட்டேன். கறுப்பு, வெள்ளை, செம்பட்டை மூன்றும் கலந்திருக்கும் என்றாள். "அப்படியானால் பெட்டைப் பூனை" என்றேன். அம்மா வியந்து போனாள். நான் கண்டிராத பூனையை நான் எப்படிச் சொன்னேன்? மரபியல் வகுப்பைக் கவனித்துக் கேட்டவர்கள் அறிவார்கள். பூனையின் செம்பட்டை நிறத்தை ஆளும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஒரே எக்ஸ் உடைய ஆணுக்குச் செம்பட்டை, கறுப்பு இரண்டில் ஒன்றுதான் அமையும். இரண்டு எக்ஸ் உடைய பெண்ணுக்கு ஒவ்வொரு உயிரணுவிலும் ஏதேனும் ஒரு எக்ஸ் அடங்கிப் போகிறது. ஆதலால் உடம்பில் ஓரிடம் கறுப்பு, ஓரிடம் செம்பட்டை. மேரி லயன் என்னும் ஆங்கிலேயப் பெண் அறிஞர் 1961இல் கூறிய விளக்கம் இது. ஆண் பூனையிலும் மிக அரிதாக இந்நிறங்கள் சேர்ந்து வருவதுண்டு என்று சொல்லி வைக்கிறேன். இல்லையேல் எங்கள் பேராசிரியர் மதிப்பெண் குறைத்துவிடுவார். அன்றிரவு அம்மா எனக்குச் சக்கரத்தைக் காட்டினாள், நான் அவளுக்குக் குரோமோசோமைக் காட்டினேன்.

இனி என் வழக்கைச் சொல்கிறேன். நாம் படப் புத்தகத்தை எழுத்துக்கு ஏறும் முதற்படி என்று எண்ணுகிறோம். ஏறியதும் படியை உதைத்துத் தள்ளிவிடுகிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படம் பார்த்தால், "இன்னும் என்ன பொம்மை பார்க்கிறாய்?" என்று அதட்டுகிறோம். வேடிக்கை என்னவென்றால், கல்லூரிக்கு வந்ததும் விலங்கியல் துறையும் தாவரவியல் துறையும் ரெக்கார்டு நோட்டை நீட்டி, மறுபடியும் படம் போடு என்கின்றன. கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளை வரைந்து பார்த்த பிறகுதான், அத்தனை நாள் சமையலறையில் ஓடிய பூச்சியை நான் பார்த்ததே இல்லை என்று புரிந்தது. படம் அறிவுக்கு வழி என்று பட்டப்படிப்பில் ஒப்புக்கொள்கிறவர்கள், அதை இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் ஏன் குழந்தைத்தனம் என்று ஒதுக்க வேண்டும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையே இல்லை. சங்கரநாராயணர் சந்நிதியில் ஒரே திருவுருவத்தில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். சைவமும் வைணவமும் பொருதிய நாட்டில் இருவரும் ஒருவரே என்ற பெரிய வாதத்தை என் ஆச்சி எந்த நூலில் படித்தாள்? உருவத்தைப் பார்த்துப் படித்தாள். நல்ல படப் புத்தகமும் அப்படிப்பட்டதுதான். பாதி எழுத்து, பாதி படம். ஒரு பாதியை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவள் நான்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அன்று. கொமீனியஸ் என்னும் கல்வியாளர் 1658இலேயே குழந்தைகளுக்கென்று படங்களால் உலகத்தைக் கற்பிக்கும் நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் வாண்டா காக் என்னும் பெண் எழுதி வரைந்து 1928இல் வந்த ஒரு பூனைக் கதைப் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளில் மூத்தவள் அவள். பதினைந்து வயதில் தந்தையை இழந்து, படம் வரைந்து விற்றுத் தம்பி தங்கைகளைக் காப்பாற்றியவள். நம் நாட்டில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் அச்சிட்ட வண்ணப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மலிவு விலையில் ஊர் ஊராகக் கொண்டு சென்றது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றது.

எங்கள் வீட்டில் இருந்த முதல் படப் புத்தகம் எது தெரியுமா? சிவகாசி நாள்காட்டி. பூனைக்குட்டிகள் கூடையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று, ஆண்டு முடிந்த பின்னும் கிழிக்கப்படாமல் ஆணியில் தொங்கியது. இந்தியாவுக்கே வண்ணப்படம் அச்சிட்டுத் தரும் ஊர் நமக்குப் பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது. எனினும், சொந்தமாக ஒரு படப் புத்தகம் வைத்திருந்த ஒரு குழந்தையைக்கூட நான் என் தெருவில் கண்டதில்லை.

விலை ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். நூறு ரூபாயைத் தாண்டிய புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம் என்றால், பீடி சுற்றும் வீட்டில் யார் வாங்குவார்கள்? அதற்காகத்தானே நூலகம்? சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டங்களுக்கு அதுவே முன்னோடி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னே உண்டு. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. எங்கள் ஓட்டு வீட்டுக்கும் என் அம்மா அதைக் கட்டுகிறாள். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பது அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளின் சாரத்தில் ஒன்று. அப்படியானால் என் அம்மாவுக்குரிய நூல் எது? நாவலா? போட்டித் தேர்வு வழிகாட்டியா? அவள் வரி கட்டி வாங்கிய நூல்களுள் அவள் கையில் எடுத்துப் படிக்கக் கூடியது படப் புத்தகம் ஒன்றே அன்றோ?

ஆனால் அது எங்கே இருக்கிறது? சில மாதங்களுக்கு முன் ஒரு நூலகத்தில் குழந்தைகள் புத்தகம் கேட்டேன். கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்தது. மேல்தட்டில் இருந்தது, நானே எம்பித்தான் பார்க்க வேண்டும். "திறந்து வைத்தால் பிள்ளைகள் கிழித்துவிடும்" என்றார்கள். கிழியட்டும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, இங்கே எழுதுகிறேன். கிழிந்த புத்தகம் யாரோ எடுத்த புத்தகம். பூட்டிய புத்தகத்தைக் கரையான்தான் எடுக்கும்.

எல்லாம் இருண்டு கிடக்கிறது என்று சொல்வதும் முறையன்று. பள்ளிக் கல்வித்துறை 2022இல் ஊஞ்சல், தேன்சிட்டு என்று சிறுவர் இதழ்கள் தொடங்கியது. 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அழகிய பெயர்கள்தாம். 'நட', 'ஓடு' என்ற பெயர்களை என் சித்தி எப்படிக் கேட்டிருப்பாள் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன். எண்ணியதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளை இலவசமாகவே தருகிறது. ஆயினும் கைப்பேசித் திரையைப் பீடித்தூள் படிந்த கையால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும், விரித்த புத்தகத்தை மூன்று பேர் தலைமுட்டப் பார்ப்பதும் ஒன்றாகா. அன்றிரவு எங்கள் வீட்டில் கைப்பேசி இருந்திருந்தால் அதை நான்தான் பிடித்திருப்பேன். அம்மா எட்டிப் பார்த்திருக்க மாட்டாள்.

அந்தப் புத்தகத்திடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. டிப் டிப்பின் வண்டி அவள் நினைத்த இடத்துக்கெல்லாம் போகிறது. எங்கள் தெருவில் அது பத்தடி ஓடாது. ஒவ்வொரு வாசலிலும் மூன்று படி. படிக்கு முன்னால் திறந்த சாக்கடை. நம் கல்லூரியிலேயே சக்கர நாற்காலியில் ஒரு மாணவி வந்தால் மாடியிலுள்ள வகுப்புக்கு அவள் எப்படிப் போவாள் என்று நாம் யாராவது எண்ணியது உண்டா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. சட்டம் எழுத்து, சாய்தளம் படம் போல, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. பட்டணத்துப் பிள்ளைக்கு அந்தக் கதை வேடிக்கை. எங்கள் தெருப் பிள்ளைக்கு அது பாதிக் கனவு. சொளகும், திண்ணையும், ஓட்டு மேல் ஏறும் பூனையும் உள்ள புத்தகத்தை எங்கள் தெருவை அறிந்தவர்தாம் வரைய வேண்டும்.

அதனால் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி வரும் முகாம்களில் மண்வெட்டியோடு அந்த அட்டைப்பெட்டியும் போகட்டும். மாலையில் பிள்ளைகளோடு அவர்களுடைய தாய்மாரையும் அழைத்து உட்கார வைப்போம். படிக்கிறவர் நாமாக இருந்தாலும் படத்தை அவர்கள் சொல்லட்டும். தமிழ்த்துறை நண்பர்களிடம் வரி கேட்கிறேன். எங்கள் துறையில் படம் போடத் தெரிந்த கைகள் நிறைய உண்டு. தவளையின் இதயத்தை இத்தனை அழகாக வரைகிறவர்களால் ஒரு பூனையை வரைய முடியாதா?

முடிகிறதா என்று நானே முயன்று கொண்டிருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் மிஞ்சிய வெள்ளைத்தாள்களைக் கிழித்து, திண்ணையும் சொளகும் பாவாடை கட்டிய ஒரு பெண்ணுமாக நான்கு பக்கம் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். சித்தியின் முகத்தை அவள் நெடுநேரம் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பூனையைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். "இது புள்ளி இல்ல. அதுக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கும்லா." எந்தக் காது என்று கேட்டேன். தன் இடக்காதைத் தொட்டாள், பிறகு வலக்காதைத் தொட்டாள், நினைவில்லை என்றாள். இரண்டு விதமாகவும் வரைந்து வைத்திருக்கிறேன்.